திரையிலிருந்து கைக்கு: உருவப் பொம்மைகளின் அறுபதாண்டுக் கலை

2024-இல் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை 5,25,000 டாலருக்கு விற்றது. பத்து சென்டிமீட்டர்கூட உயரமில்லாத பொம்மை அது. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் போபா ஃபெட் என்ற வேட்டைக்காரனின் உருவம். அதன் முதுகில் இருக்கும் ராக்கெட் விசையை விட்டால் பாயும். 1979-இல் கென்னர் நிறுவனம் இதைத் தபாலில் அனுப்புவதாக விளம்பரம் செய்திருந்தது. அதற்குச் சற்று முன்னர் வேறொரு நிறுவனத்தின் பொம்மை விண்கலத்திலிருந்து பாய்ந்த குண்டு தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் விசையை நீக்கி, ராக்கெட்டை அசையாமல் ஒட்டிப் பிள்ளைகளுக்கு அனுப்பியது. ராக்கெட் பாயும் மாதிரிகள் கடைக்கு வரவே இல்லை. சில மட்டும் நிறுவன ஊழியர்கள் வழியாகத் தப்பின. எந்தக் குழந்தையின் கைக்கும் போகாத அந்த மாதிரி இன்று உலகிலேயே அதிக விலைபோன பொம்மைகளில் ஒன்று.

இப்படிப்பட்ட பொருளை வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார்? கேள்வி ஒரு சிலரைப் பற்றியது மட்டும் அல்ல. அமெரிக்காவில் 2024-இன் முதல் காலாண்டில், பெரியவர்களுக்காக வாங்கப்பட்ட பொம்மைகளின் மதிப்பு 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்காக வாங்கப்பட்டதை முதன்முறையாக விஞ்சியது என்று சர்க்கானா என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. திரைப்பட, வீடியோ கேம் பாத்திரங்களின் உருவங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அவை விளையாட்டுச் சாமான்களா, முதலீடா, சிற்பங்களா? மூன்று பதிலுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். இவற்றின் வரலாற்றை முழுவதுமாகப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: திரையில் ஓடும் ஒரு பிம்பத்துக்கு எடையும் மூட்டும் முகமும் கொடுக்கும் கைவேலையில்தான் இவற்றின் மதிப்பு இருக்கிறது. சந்தையோ அந்தக் கைவேலையை விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் எல்லாவற்றுக்கும் விலை வைக்கப் பழகிவிட்டது.

ராணுவ வீரனில் தொடங்கிய மரபு

1959-இல் மேட்டல் நிறுவனம் பார்பியைக் கொண்டுவந்தது. ஒரு பொம்மையை விற்றபின் அதற்கான உடைகளையும் பொருள்களையும் ஆண்டுக்கணக்கில் விற்கலாம் என்பதை பார்பி காட்டியது. சிறுவர்களுக்கும் அப்படி ஒன்று செய்யலாம் என்ற யோசனையை உரிமத் தரகர் ஸ்டான் வெஸ்டன் ஹாஸ்ப்ரோ நிறுவனத்திடம் கொண்டுபோனார். அங்கே டான் லெவின் அதற்கு உருக்கொடுத்தார். 1964-இல் சுமார் 12 அங்குல உயரத்தில், 21 அசையும் உறுப்புகளுடன் ஜி.ஐ. ஜோ வெளிவந்தது. பையன்கள் பொம்மை வைத்து விளையாட மாட்டார்கள் என்ற அச்சம் வணிகர்களிடம் இருந்ததால், ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்று பெயர் வைத்தார்கள்.

1970-இல் ஜப்பானின் டகாரா நிறுவனம் இதற்கு உரிமம் பெற்று அங்கே விற்றது. அந்த உடலையே கண்ணாடிபோல் ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் வார்த்து, உள்ளே இயந்திரம் தெரியும்படி 1972-இல் ‘ஹென்ஷின் சைபார்க்’ ஆக்கினார்கள். 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியது. அடுத்த ஆண்டு சைபார்க் உருவத்தைப் பத்து சென்டிமீட்டருக்குச் சுருக்கி ‘மைக்ரோமேன்’ செய்தார்கள். அந்தக் கிளையில் வளர்ந்த ரோபோக்கள்தாம் 1984-இல் ஹாஸ்ப்ரோவின் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ ஆயின. அமெரிக்காவிலிருந்து போன ராணுவ வீரன் இருபது ஆண்டில் உருமாறும் ரோபோவாக அதே நிறுவனத்துக்கே திரும்பி வந்தான். இது வடிவமைப்பாளர்கள் கை மாற்றிக் கை மாற்றி வளர்த்த மரபு என்பதற்கு இந்த வரலாறே சான்று.

காலிப் பெட்டியின் வெற்றி

திரைப்பட உருவங்களுக்கு 1970-களில் மெகோ நிறுவனமே முன்னணியில் இருந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ உரிமம் தேடி வந்தபோது அது மறுத்துவிட்டது. சின்சினாட்டி நகரின் கென்னர் ஒப்புக்கொண்டது. 1977 மே மாதம் படம் வெளியாகி அரங்குகள் நிரம்பின. கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளை வார்த்து முடிக்க வழியில்லை. எனவே கென்னர் ஒரு அட்டை உறையை விற்றது. அதற்குள் படம் போட்ட அட்டையும் ஒட்டுப்படங்களும் ஒரு சான்றிதழும் இருந்தன. சான்றிதழை அனுப்பினால் லூக், லெயா, சூபாக்கா, ஆர்2-டி2 என்ற நான்கு உருவங்கள் அடுத்த ஆண்டு வீடு தேடி வரும். பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1978-இல் கென்னர் விற்ற ‘ஸ்டார் வார்ஸ்’ பொருள்கள் 4 கோடியைத் தாண்டின.

கென்னர் செய்த முக்கியமான முடிவு அளவு பற்றியது. 12 அங்குல உருவத்துக்கு ஏற்ற விண்கலம் எந்த வீட்டிலும் நுழையாது. 3.75 அங்குலத்துக்கு இறங்கியதும் ‘மில்லேனியம் ஃபால்கன்’ கலத்தைக்கூட மேசைமீது வைக்க முடிந்தது. மூட்டுகள் ஐந்தே: கழுத்து, இரு தோள், இரு இடுப்பு. ஒரு பாத்திரத்தை வாங்கும் பழக்கம் போய், ஒரு உலகத்தையே வாங்கும் பழக்கம் வந்தது. பொருள் விற்பனை உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்கு இது பெரும் செல்வமானது.

படத்துக்கும் பொம்மைக்கும் இடையிலுள்ள காலச்சிக்கல் மட்டும் இன்றுவரை தீரவில்லை. அச்சு வெட்டி, வார்த்து, கப்பலேற்ற ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆகவே படம் முடியும் முன்பே, ஓவியங்களை வைத்து வேலை தொடங்க வேண்டும். 2015-இன் ‘ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்துக்காக ‘கான்ஸ்டபிள் சூவியோ’ என்ற பாத்திரம் ஏராளமாக வார்க்கப்பட்டது. படத்தில் அவரைப் பார்ப்பதே அரிது. கடைக் கொக்கிகளில் மாதக்கணக்கில் தொங்கினார். 2019-இல் நேர்எதிராக நடந்தது. ‘தி மாண்டலோரியன்’ தொடரின் குழந்தைப் பாத்திரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று படைப்பாளர்கள் விரும்பியதால், உலகமே கேட்டபோது கடையில் பொம்மை இல்லை.

வளர்ந்தவர்களின் அலமாரி

1980-களில் அமெரிக்க அரசு குழந்தைகளுக்கான ஒளிபரப்பு விதிகளைத் தளர்த்தியதும், பொம்மையை விற்பதற்காகவே தொடர்கள் எழுதப்பட்டன. 1990-இல் சட்டம் வந்து விளம்பர நேரத்துக்கு வரம்பு வைத்தது. அந்த அலையில் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களானதும் அவர்களுக்கு வேறு தரம் தேவைப்பட்டது.

அதை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் காமிக்ஸ் ஓவியர் டாட் மெக்ஃபார்லேன். தன் ‘ஸ்பான்’ பாத்திரத்துக்கு நிறுவனங்கள் செய்து காட்டிய மாதிரிகள் பிடிக்காமல் 1994-இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். சதை மடிப்பு, துருவேறிய சங்கிலி, கிழிந்த துணி என்று அவரது சிற்பிகள் செதுக்கிய நுணுக்கம் மற்ற நிறுவனங்களையும் தரம் உயர்த்த வைத்தது. 1998-இல் வந்த ‘மூவி மேனியாக்ஸ்’ வரிசை திகில் பட வில்லன்களைப் பெரியவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது.

ஹாங்காங்கில் 2000-இல் ஹோவர்ட் சான் தொடங்கிய ஹாட் டாய்ஸ் நிறுவனம் இன்னொரு வழியில் போனது. ஆறில் ஒரு பங்கு அளவு, சுமார் 30 சென்டிமீட்டர் உயரம், தைத்த உடை, கையால் தீட்டிய முகம். கண்விழிகளைத் தனியே செய்து, பார்வையின் திசையை மாற்றும்படி அமைத்தார்கள். மயிர்க்கால், தோலின் சிவப்பு, உதட்டின் ஈரம் எல்லாம் தெரியும் அந்த முகங்களைப் புகைப்படத்தில் பார்த்தால் நடிகரே என்று ஏமாற இடமுண்டு. முகம் செதுக்கியவர், வண்ணத்தை வழிநடத்தியவர் பெயர்களையும் அந்த நிறுவனம் வெளியிடுகிறது.

ஜப்பானில் இந்தக் கலை ரசிகர்களிடமிருந்து வளர்ந்தது. வீட்டிலேயே ரெசினில் வார்த்த உருவங்களை ‘கராஜ் கிட்’ என்பார்கள். ஆண்டுக்கு இரு முறை நடக்கும் ‘ஒண்டர் ஃபெஸ்டிவல்’ என்ற திருவிழாவில் அவை விற்கப்படுகின்றன. அங்கே ஓர் அரிய ஏற்பாடு உண்டு. உரிமையாளர்களிடம் விண்ணப்பித்தால், அந்த ஒரு நாளுக்கு மட்டும், அந்த இடத்தில் மட்டும் விற்க அனுமதி கிடைக்கும். திருடனாக நடத்தப்பட வேண்டிய ரசிகன் ஒரு நாள் சட்டப்படியான சிற்பியாகிறான். அப்படித் தொடங்கிப் பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்யப் போனவர்கள் பலர். ஒசாகா பகுதியின் கையோடோ நிறுவனம் கட்சுஹிசா யமகுச்சி என்ற சிற்பியின் பெயரையே ‘அமேசிங் யமகுச்சி’ என்று ஒரு வரிசைக்கு வைத்திருக்கிறது. இயக்குநரின் பெயரைப் பார்த்துப் படத்துக்குப் போவதுபோல் சிற்பியின் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள்.

வீடியோ கேம் தரும் வேறு சவால்

நடிகரின் முகத்தை ஒத்திருக்கிறதா என்பதே திரைப்பட உருவத்துக்கான கேள்வி. கேம் பாத்திரத்துக்கு எது மூலம் என்பதே முடிவாகாத கேள்வி. 1997-இன் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ கேமில் நாயகன் கிளவுடின் கைகள் வெறும் கட்டைகள். அக்காலக் கருவிக்கு அவ்வளவே முடிந்தது. டெட்சுயா நொமுராவின் ஓவியத்தில் அவன் வேறு மாதிரி. இடையிடையே ஓடும் காட்சிப்படங்களில் இன்னொரு மாதிரி. ரசிகன் மனத்தில் இவை எல்லாம் கலந்து ஒரே ஆளாக நிற்கின்றன. அந்த மனப்பிம்பத்தைக் கண்டெடுத்துச் செதுக்குவதே சிற்பியின் வேலை. கேம் உருவங்களைச் செய்வதும் ஒருவகைப் பாத்திர விமர்சனம் என்று நான் கருதுவது இதனால்தான்.

இன்னொரு வேறுபாடு, கேம் பாத்திரத்தை ஆடியவரே இயக்கியிருக்கிறார் என்பது. அவருக்கு அந்த உடலின் அசைவு தெரியும். 1993-இல் ஹாஸ்ப்ரோ ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ வீரர்களை ஜி.ஐ. ஜோவின் பழைய அச்சுகளை வைத்தே ஒப்பேற்றியது. உதையின் உயரத்தையும் இடுப்பின் வளைவையும் விரல்நுனியில் வைத்திருந்த பிள்ளைகளுக்கு அது போதவில்லை. 2006-இல் வந்த கையோடோவின் ‘ரிவால்டெக்’ மூட்டும், 2008-இல் தொடங்கிய ‘ஃபிக்மா’, ‘எஸ்.எச்.ஃபிகுஆர்ட்ஸ்’ வரிசைகளும்தாம் அசைவைச் சரியாகப் பிடித்தன. தோள் முன்னும் பின்னும் நகரும், பாதம் உட்புறம் சாயும், இடுப்பு திருகும். சண்டையின் ஒரு கணத்தை நிறுத்தி வைத்ததுபோல் நிற்க வைக்கலாம்.

கேம் நிறுவனங்கள் உருவத்தைக் கேமுக்குள் நுழையும் சாவியாகவும் ஆக்கின. ‘ஸ்கைலேண்டர்ஸ்’ 2011-லும், நின்டெண்டோவின் ‘அமீபோ’ 2014-லும் வந்தன. அடியில் உள்ள சில்லு கருவியோடு பேசும். ‘டிஸ்னி இன்ஃபினிட்டி’ 2016-இல் நிறுத்தப்பட்டபோது அதன் உருவங்கள் சாவித் தன்மையை மெல்ல இழந்தன. ஆனாலும் சிற்ப அழகுக்காக அவற்றை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கேம்கள் தட்டு இல்லாமல் இணையவழியே வரும் காலம் இது. 2022-இன் ‘காட் ஆஃப் வார் ராக்னராக்’ சேகரிப்பாளர் பதிப்பில் தோரின் சம்மட்டி இருந்தது, இரும்புப் பெட்டி இருந்தது, கேம் தட்டு இல்லை. கையில் பிடிக்க உருவமும் பொருளுமே மிச்சம் என்ற நிலை வரும்போது அவற்றின் பொறுப்பு கூடுகிறது.

ஓர் உருவம் பிறக்கும் விதம்

முன்பு மெழுகிலும் களிமண்ணிலும் செதுக்கினார்கள். பெரிதாகச் செதுக்கி, பின்னர் சுருக்கி அச்சு வெட்டுவதும் உண்டு. இன்று பெரும்பாலும் கணினியில் செதுக்கி, 3டி அச்சில் எடுத்துப் பார்க்கிறார்கள். அடுத்து பொறியாளர் அந்தச் சிலையை வெட்டுகிறார்: எங்கே பந்து மூட்டு, எங்கே கீல், எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியக் கூடாது. அசைவு கூடினால் வடிவம் குலையும். வடிவத்தைக் காத்தால் அசைவு குறையும். நல்ல உருவம் என்பது இந்த இழுபறியில் எட்டிய சமரசம்.

பிறகு எஃகு அச்சு. செலவில் பெரும்பகுதி இங்கேதான். அதனால்தான் ஒரே உடலுக்குப் பல தலைகளை மாட்டி விற்கிறார்கள். உறுதி வேண்டிய இடத்தில் ஏபிஎஸ், வளைய வேண்டிய இடத்தில் பிவிசி, தேயக் கூடாத மூட்டில் பிஓஎம் என்று பிளாஸ்டிக்கைத் தேர்கிறார்கள். சிலிக்கோன் மெத்தையால் கண்ணையும் புருவத்தையும் ஒற்றி எடுக்கிறார்கள். மற்றதைத் தெளிப்பானாலும் தூரிகையாலும் தீட்டுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் முகத்தைப் புள்ளிகளாக அச்சிடும் முறை வந்தபின் மலிவான உருவங்களும் நடிகரை ஒத்திருக்கின்றன. சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில், டொங்குவான், ஷென்ஜென் நகரங்களைச் சுற்றிய தொழிற்சாலைகளில் இந்த வேலையின் பெரும்பகுதி நடந்துவந்திருக்கிறது. கண்ணிமை அளவு இடத்தில் நாளெல்லாம் வண்ணம் வைக்கும் தொழிலாளர்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஹாட் டாய்ஸ், கையோடோ போன்றவை சிற்பிகளுக்குத் தரும் மதிப்பை இவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும்.

யாருக்கு உருவம் கிடைக்கிறது

யாரைச் செதுக்குவது என்ற முடிவிலும் ஓர் அரசியல் உண்டு. 2015-இன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் நாயகி ரே. கடைகளில் வந்த பல பொம்மைத் தொகுப்புகளிலும், ‘மோனோபொலி’ ஆட்டப் பதிப்பிலும் அவளைக் காணவில்லை. அதே ஆண்டு ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் பெண் வீரர் பிளாக் விடோ ஓட்டிய மோட்டார் சைக்கிள் பொம்மையாக வந்தபோது, அதன்மேல் ஆண் வீரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிறுமிகளும் பெற்றோரும் எழுப்பிய குரலுக்குப் பின்னரே ரே சேர்க்கப்பட்டாள். பெண் உருவம் விற்காது என்ற பழைய வணிக நம்பிக்கை ஒரு தலைமுறைச் சிறுமிகளின் விளையாட்டைச் சுருக்கியது.

நீதிமன்றமும் இந்த உருவங்களைக் கூர்ந்து பார்த்ததுண்டு. அமெரிக்காவில் மனித உருவப் பொம்மைக்கு 12 சதவீதமும் மற்ற விளையாட்டுச் சாமான்களுக்கு 6.8 சதவீதமும் இறக்குமதி வரி இருந்தது. டாய் பிஸ் நிறுவனம் தன் ‘எக்ஸ்-மென்’ உருவங்கள் மனிதர்கள் அல்லர் என்று வாதாடியது. 2003-இல் நீதிபதி ஜூடித் பார்சிலே நகம், வால், தோல் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து அதை ஏற்றார். இயல்புக்கு மாறான ஆற்றலோடு பிறந்த விகாரிகளும் மனிதர்களே என்ற கருத்தைத் தாங்கி நின்ற கதையின் ரசிகர்கள் மனம் புண்பட்டார்கள். வரிக்கணக்கு வென்றது, கதையின் ஆன்மா தோற்றது.

பெட்டியின் விலை

சந்தை எதை மதிக்கிறது என்பதற்குத் தரமதிப்பீட்டு முறையே சான்று. ஏ.எஃப்.ஏ. போன்ற அமைப்புகள் உருவத்தை ஆராய்ந்து மதிப்பெண் கொடுத்து, அக்ரிலிக் கூட்டுக்குள் முத்திரையிட்டுத் தருகின்றன. அட்டையின் மூலை, பிளாஸ்டிக் குமிழின் தெளிவு, விலைச்சீட்டு கிழித்த தழும்பு எல்லாம் கணக்கில் வரும். ஆவணப்படுத்தவும் போலியைத் தடுக்கவும் இந்த முறை உதவுவதை மறுக்க முடியாது. ஆனால் சிற்பம் எப்படி இருக்கிறது என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை.

கடந்த தலைமுறையின் பொம்மைகள் அரிதானதற்குக் காரணம், பிள்ளைகள் அவற்றை மண்ணில் புதைத்து, தொட்டியில் மூழ்கடித்து, தொலைத்தார்கள் என்பதே. இன்று எல்லோரும் பத்திரப்படுத்துவதால் அந்த அருமை திரும்ப வராது. ஃபங்கோ நிறுவனம் 2023-இல், தேங்கிய 3 கோடி டாலருக்கும் மேற்பட்ட சரக்கை அழிக்கப்போவதாக அறிவித்தது. முதலீடு என்று நம்பி அறை நிறையச் சேர்த்தவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை.

சந்தையில் நல்ல போக்குகளும் உண்டு. 2018-இல் ஹாஸ்ப்ரோ ‘ஜாபாவின் பாய்மரக் கலம்’ என்ற நான்கடி நீளப் பொருளை 5,000 பேர் முன்பணம் கட்டினால் செய்வதாகச் சொன்னது. 8,810 பேர் கட்டினார்கள். தேவைக்கேற்பச் செய்வதால் வீணாவது குறைகிறது. போலிகளின் கதையும் ஒரே நிறம் அல்ல. உரிமம் இல்லாமல் துருக்கியில் 1980-களில் வார்த்த ‘உசாய்’ உருவங்களை இன்று அரும்பொருளாகத் தேடுகிறார்கள். சிற்பியின் பிழைப்பைக் கெடுக்கும் இன்றைய நகல்களுக்கு அந்தச் சலுகையைத் தர என் மனம் ஒப்பாது.

பிளாஸ்டிக்கின் ஆயுள்

மூடிய பெட்டி காலத்தை நிறுத்தி வைக்கும் என்பது பொய். மென்மையான பிவிசியில் கலக்கும் நெகிழ்ப்பான் மெல்ல மேற்பரப்புக்கு வந்து பிசுபிசுக்கும். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் இது அதிகம். வெயில் பட்ட வெள்ளை ஏபிஎஸ் மஞ்சளாகும். ஆறில் ஒரு பங்கு உருவங்களின் செயற்கைத் தோல் உடை, ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் உரிந்து உதிரும். சென்னையிலோ கொழும்பிலோ சேகரிப்பவர்களுக்கு இது நேரடிக் கவலை. வெளியே எடுத்து, வெயில் படாத இடத்தில், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி வைப்பதே உருவத்துக்கு நல்லது. சந்தைக்கு நல்லது எது, பொருளுக்கு நல்லது எது என்ற இரண்டும் இங்கே பிரிகின்றன. நான் பொருளின் பக்கம்.

நம் பக்கத்துக் கதை

இந்த வரலாற்றில் சென்னைக்கு உண்மையான இடம் ஒன்று இருக்கிறது. சென்னையின் எம்.ஆர்.எஃப். குழுமம் ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து 1987-இல் ஃபன்ஸ்கூல் நிறுவனத்தைத் தொடங்கியது. அந்த நிறுவனம் ஹாஸ்ப்ரோவின் அச்சுகளை வரவழைத்து இந்தியாவிலேயே ஜி.ஐ. ஜோ வீரர்களை வார்த்தது. அமெரிக்காவில் இல்லாத நிறக் கலவைகளில் அவை வெளிவந்தன. நம் பிள்ளைகளுக்கு அவை சாதாரணப் பொம்மைகள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த நிறங்களுக்காகவே இன்று அவற்றைத் தேடுகிறார்கள். ஃபன்ஸ்கூலின் ராணிப்பேட்டை ஆலை இப்போதும் பொம்மைகள் செய்கிறது. 2020-இல் மத்திய அரசு பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், பின்னர் 70 ஆகவும் உயர்த்தியது. வெளிநாட்டு உருவங்கள் இங்கே எட்டாத விலையில் நிற்க இது ஒரு காரணம். உள்நாட்டில் செய்ய இதுவே ஒரு வாய்ப்பும்கூட.

வார்க்கும் திறன் நம்மிடம் இருக்கிறது. பண்ருட்டியிலும் தஞ்சையிலும் முகம் வனையும் கைகள் இருக்கின்றன. பாத்திரங்களுக்கும் பஞ்சமில்லை. ஜப்பானியர் கண்ட ஒரு நாள் உரிமம் போன்ற ஏற்பாட்டைத் தமிழ்ப் பட நிறுவனங்கள் முயன்று பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு நாள் இளம் சிற்பிகள் தமக்குப் பிடித்த பாத்திரத்தைச் செதுக்கி விற்கட்டும். நல்லவற்றுக்கு முழு உரிமம் கிடைக்கட்டும். பெட்டியின்மேல் சிற்பியின் பெயரும் வண்ணம் தீட்டியவரின் பெயரும் இருக்கட்டும். வாங்குகிறவர்களும் பெட்டியைத் திறந்து, தோள்மூட்டு எப்படிச் சுழல்கிறது, முகத்தில் எந்தக் காட்சியின் உணர்வு பதிந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பிடப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வேரூன்றினால், இந்த உருவங்களை விளையாட்டு என்றோ முதலீடு என்றோ ஒதுக்காமல் ஒரு கலையாகவே நாம் பேசத் தொடங்குவோம்.